ஒரு வருஷம் முழுவதும் மாமிசமே உணவு!
பனிநாட்டு யாத்திரிகர் ஸ்டெபான்சன் வாழ்க்கை வரலாறு

1928-ம் ஆண்டின் தொடக்கம். நியூயார்க் நகரத்தில் பெல்வியூ என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே 48 வயது மனிதர் ஒருவர் தங்கி இருந்தார்.

அவருக்கு நோய் எதுவும் இல்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ஆனாலும் இரவும் பகலும் அவரை ஒருவர் கண்காணித்துக் கொண்டே இருந்தார்.

அவர் ஓடிவிடுவார் என்று பயந்து அல்ல. யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டு ரொட்டியையோ, ஒரு பழத்தையோ தின்றுவிடக் கூடாது என்பதற்காக!

அவருக்குக் கொடுக்கப்பட்ட உணவு மாமிசம் மட்டுமே. காலையிலும் மாமிசம், மாலையிலும் மாமிசம். சோறு இல்லை, ரொட்டி இல்லை, காய்கறி இல்லை, சர்க்கரை இல்லை. இப்படி ஒரு வருஷம்!

அந்த மனிதர்தான் வில்யால்மர் ஸ்டெபான்சன். வடதுருவப் பனிநாட்டில் சுற்றி, உலகப் புகழ் பெற்றவர்.

இன்று "கீட்டோ" உணவு என்று சொல்லி, சோற்றைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடுகிறவர்கள் பல பேர். அவர்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கொலஸ்டிரால் ஏறி இருக்கிறதே என்று கலங்குவதையும் பார்க்கிறோம். அந்தக் கலக்கத்துக்கு வழிகாட்டக் கூடியது ஸ்டெபான்சனின் வாழ்க்கை. அவர் வென்றதிலும் பாடம் இருக்கிறது. தவறியதிலும் பாடம் இருக்கிறது.

ஏழைக் குடும்பம்

ஸ்டெபான்சன் 1879-ம் ஆண்டு நவம்பர் 3-ந் தேதி கனடா நாட்டில், மனிடோபா மாகாணத்தில் பிறந்தார். பெற்றோர் ஐஸ்லாந்து தீவில் இருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். வந்த இடத்தில் வெள்ளம் வந்தது. அந்தக் கஷ்ட காலத்தில் இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தார்கள். மிஞ்சியவர்களை அழைத்துக்கொண்டு அமெரிக்காவின் தகோட்டா பகுதிக்குக் குடிபோனார்கள்.

பையனுக்கு முதலில் வைத்த பெயர் வில்லியம் ஸ்டீபன்சன். கல்லூரி நாட்களில் அவரே தம் பெயரை ஐஸ்லாந்து முறைப்படி மாற்றிக்கொண்டார். வடக்கு தகோட்டா பல்கலைக் கழகம் அவரை வெளியேற்றியது. அவர் மனம் தளரவில்லை. அயோவா பல்கலைக் கழகத்தில் சேர்ந்து 1903-ல் பட்டம் பெற்றார். பிறகு ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் மனித இனங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கினார்.

வராத கப்பல்

1906-ல் வடதுருவப் பகுதிக்கு ஒரு கோஷ்டி புறப்பட்டது. மற்றவர்கள் கப்பலில் போனார்கள். ஸ்டெபான்சன் தரை வழியாகவும் மெக்கன்சி ஆற்று வழியாகவும் தனியே போனார். குறித்த இடத்தில் கப்பலுக்காகக் காத்திருந்தார். கப்பல் வரவே இல்லை!

குளிர்காலம் வந்துவிட்டது. கையில் உணவு இல்லை. என்ன செய்வது?

அங்கே வாழ்ந்த இனூயிட் மக்கள் அவரைத் தங்கள் வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். எஸ்கிமோக்கள் என்று அந்நாளில் அழைக்கப்பட்டவர்கள் இவர்களே. அவர்கள் வீட்டில் சாப்பாடு மீன்தான். உப்பும் கிடையாது.

ஸ்டெபான்சனுக்குச் சிறு வயதிலேயே மீன் பிடிக்காது. வாயில் வைத்தாலே முகம் சுளிப்பார். ஆனால் பசி யாரை விட்டது? முதலில் சுட்ட மீன், பிறகு அவித்த மீன், கடைசியில் உறைந்த பச்சை மீன் என்று ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டார். சில மாதங்களில் அந்த உணவு அவருக்குப் பிடித்துப்போயிற்று. உடம்பும் நன்றாக இருந்தது.

காய்கறி இல்லாமல் மனிதன் வாழ முடியாது என்று படித்தவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். இங்கே ஒரு சமுதாயமே வாழ்ந்துகொண்டிருந்தது. இது எப்படி? இந்தக் கேள்வி அவர் மனதை விட்டு அகலவே இல்லை.

பெயர் சொல்லாத மகன்

1908-ம் ஆண்டு மறுபடியும் வடக்கே போனார். 1912 வரை அங்கேயே இருந்தார். விக்டோரியா தீவில், வெளியுலகத்தாரை அதிகம் பார்த்திராத மக்களைச் சந்தித்தார். பத்திரிகைகள் அவரைப் புகழ்ந்து தள்ளின.

அந்தப் பயணங்களில் அவருக்குத் துணையாக இருந்தவர் பன்னிகாப்லுக் என்ற இனூயிட் பெண். பனிக் குளிரைத் தாங்கும் தோல் உடைகளைத் தைத்துக் கொடுத்தவர் அவர். அவர்களுக்கு 1910-ல் ஒரு மகன் பிறந்தான். பெயர் அலெக்ஸ். ஆனால் ஸ்டெபான்சன் தாம் எழுதிய புத்தகங்களில் அவனைத் தம் மகன் என்று சொல்லவே இல்லை. பிற்காலத்தில்தான் உலகம் இதைப் பரவலாக அறிந்தது.

கப்பல் மூழ்கியது

1913-ல் கனடா அரசாங்கம் ஒரு பெரிய கோஷ்டியை அனுப்பியது. தலைவர் ஸ்டெபான்சன். கப்பலின் பெயர் கார்லக். அது பனிக்கட்டியில் சிக்கிக்கொண்டது.

செப்டம்பர் மாதம், வேட்டைக்குப் போய் வருகிறேன் என்று சொல்லி ஸ்டெபான்சன் சிலருடன் கப்பலை விட்டு இறங்கினார். சில நாட்களில் பனிப் பாளம் கப்பலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. 1914-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி கப்பல் நசுங்கி மூழ்கியது.

கப்பலில் இருந்தவர்கள் பனிமேல் நடந்து ராங்கல் தீவுக்குப் போனார்கள். கேப்டன் பார்ட்லெட், ஓர் இனூயிட் இளைஞனை அழைத்துக்கொண்டு சைபீரியாவுக்கு நடந்து போய் உதவி தேடினார். உதவி வந்து சேர்ந்தபோது செப்டம்பர் மாதம் ஆகிவிட்டது. அதற்குள் 11 பேர் மாண்டுவிட்டார்கள். தீவில் பலருக்குக் கைகால் வீங்கியது. கொண்டுபோன டப்பா மாமிச உணவின் மேல் பிற்பாடு சந்தேகம் விழுந்தது.

ஸ்டெபான்சனோ 1918 வரை பனிக்கடலில் சுற்றினார். சீல், கரடி, கலைமான் ஆகியவற்றை வேட்டையாடிச் சாப்பிட்டார். உலகப் படத்தில் இல்லாத தீவுகளைக் கண்டுபிடித்தார். புகழ் ஒரு பக்கம். கப்பலைக் கைவிட்டார் என்ற பழி இன்னொரு பக்கம்.

1921-ல் இன்னொரு துயரம். அவர் ஏற்பாடு செய்த கோஷ்டி ஒன்று அதே ராங்கல் தீவுக்குப் போனது. நான்கு வாலிபர்கள். தையல் வேலைக்கு ஏடா பிளாக்ஜாக் என்ற இனூயிட் பெண். ஸ்டெபான்சன் கூடப் போகவில்லை. வேட்டை கிடைக்கவில்லை. உணவு தீர்ந்தது. மூவர் உதவி தேடிப் பனிமேல் போனார்கள். அவர்கள் திரும்பவே இல்லை. நாலாமவர் ஸ்கர்வி என்ற நோயில் இறந்தார். கடைசி வரை அவருக்குப் பணிவிடை செய்த ஏடா மட்டும், 1923-ல் தன்னந்தனியே உயிரோடு மீட்கப்பட்டார்.

புதிய மாமிசம் கிடைத்தால் ஸ்கர்வி வராது என்பது ஸ்டெபான்சன் கொள்கை. அது சரிதான். ஆனால் மாமிசம் கிடைக்க வேண்டுமே! பழகிய வேட்டைக்காரனுக்கு வாய்ப்பது எல்லோருக்கும் வாய்க்காது.

ஆஸ்பத்திரியில் சோதனை

மாமிசம் மட்டும் தின்று மொத்தத்தில் ஐந்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறேன் என்று ஸ்டெபான்சன் சொன்னபோது டாக்டர்கள் பலர் நம்பவில்லை. குளிர் நாட்டில் ஓடி ஆடியதால் தாங்கியது, நகரத்தில் உட்கார்ந்திருந்தால் தாங்காது என்றார்கள்.

அப்படியானால் சோதித்துப் பாருங்கள் என்றார் அவர். கூடவே, பழைய பயணத் தோழர் கார்ஸ்டன் ஆண்டர்சனும் சம்மதித்தார். டாக்டர் டுபாய் என்ற பெயர் பெற்ற நிபுணர் மேற்பார்வை பார்த்தார். பணம் கொடுத்தது அமெரிக்க மாமிச வியாபாரிகள் சங்கம். இதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

முதலில் டாக்டர்கள், கொழுப்பே இல்லாத மாமிசத்தை மட்டும் ஸ்டெபான்சனுக்குக் கொடுத்தார்கள். இரண்டு மூன்று நாளில் அவருக்குப் பேதி கண்டது. குமட்டல் வந்தது. உடம்பு சோர்ந்தது. பிறகு கொழுப்புள்ள மாமிசத்தைக் கொடுத்தார்கள். விரைவில் தேறிவிட்டார்!

கொழுப்பற்ற மாமிசம் மட்டும் தின்றால் ஆபத்து என்பதைப் பனிநாட்டு மக்கள் முன்பே அறிந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி அதை உறுதி செய்தது.

அவர்கள் சாப்பாட்டில் கிடைத்த சக்தியில் நூற்றுக்கு 75 முதல் 85 பங்கு கொழுப்பில் இருந்து வந்தது. 15 முதல் 25 பங்கு புரதம். மாவுச் சத்து ஒன்று அல்லது இரண்டு பங்குதான்.

மாவுச் சத்து குறைந்தால் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அப்போது ஈரல், கீட்டோன் என்ற பொருளை உண்டாக்கும். இருவருடைய சிறுநீரிலும் அது காணப்பட்டது. "கீட்டோ" என்ற பெயரே இதில் இருந்து வந்ததுதான். அமெரிக்காவின் மேயோ ஆஸ்பத்திரியில் டாக்டர் வைல்டர் என்பவர், காக்கை வலிப்பு நோய்க்கு இப்படிப்பட்ட உணவை 1921-லேயே சிபாரிசு செய்திருந்தார்.

வருஷம் முடிந்தது. இருவரும் நலமாக இருந்தார்கள். முதல் வாரத்தில் எடை குறைந்தது. அது பெரும்பாலும் நீர்தான். ரத்த அழுத்தம் ஏறவில்லை. மூத்திரக் காய் கெடவில்லை. ஸ்கர்வி வரவில்லை. கெடுதல் எதையும் காணவில்லை என்று டாக்டர்கள் 1930-ல் எழுதினார்கள்.

அளக்க முடியாதது

அவர்களுடைய ரத்தத்தில் கொலஸ்டிராலையும் அளந்தார்கள். ஆனால் 1928-ல் அளக்க முடிந்தது மொத்தக் கொலஸ்டிராலைத்தான். அதன் உட்பிரிவுகளைப் பற்றி அன்று யாருக்கும் தெரியாது.

கொலஸ்டிரால் விஷம் அல்ல. மெழுகு போன்ற பொருள். உடம்பின் ஒவ்வோர் உயிரணுவுக்கும் அது வேண்டும். பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது. அது ரத்தத்தில் கரையாது. ஆகையால் வண்டியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும்.

எல்.டி.எல். என்பது ஒரு வண்டி. அது கொலஸ்டிராலை உடம்பின் பல பாகங்களுக்கும் கொண்டுபோகிறது. இந்த வண்டிகள் அதிகமானால், ரத்தக் குழாய்ச் சுவரில் புகுந்து படிந்துவிடும். பல வருஷங்களில் குழாய் தடித்து அடைபடும். மாரடைப்பு வரும்.

எச்.டி.எல். என்பது இன்னொரு வண்டி. அது மிச்சத்தை ஈரலுக்குத் திரும்பக் கொண்டுவருகிறது.

டிரைகிளிசரைடு என்பது வேறு. அது சக்திக்காக எரியும் கொழுப்பு. மாவும் சர்க்கரையும் மதுவும் மிஞ்சினால் அது ஏறும்.

1950-ம் ஆண்டு வாக்கில்தான் காப்மன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், அதிவேகமாகச் சுழலும் யந்திரத்தில் ரத்தத்தைச் சுற்றி, இந்த வண்டிகளைப் பிரித்துப் பார்த்தார். எல்.டி.எல். உடம்பில் எப்படி அகற்றப்படுகிறது என்று கண்டுபிடித்த பிரவுன், கோல்டுஸ்டீன் ஆகிய இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பார்க்க ஸ்டெபான்சன் உயிரோடு இல்லை.

சீட்டைப் படிப்பது எப்படி?

இன்றைய சீட்டில் நான்கு வரிகள் இருக்கும். மொத்தம், எல்.டி.எல்., எச்.டி.எல்., டிரைகிளிசரைடு. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு.

மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஓர் உதாரணம்:

இரண்டு பேருக்கும் மொத்தம் 240. முதல் ஆளுக்கு எச்.டி.எல். 80, டிரைகிளிசரைடு 100. இரண்டாம் ஆளுக்கு எச்.டி.எல். 40, டிரைகிளிசரைடு 150.

பல ஆய்வுக்கூடங்களில் எல்.டி.எல்.லை நேராக அளப்பதில்லை. மொத்தத்தில் இருந்து எச்.டி.எல்.லைக் கழிக்கிறார்கள். டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்கிறார்கள். மிச்சம்தான் எல்.டி.எல்.

முதல் ஆளுக்கு 240-ல் 80-ம் 20-ம் போனால் 140. இரண்டாம் ஆளுக்கு 40-ம் 30-ம் போனால் 170. மொத்தம் ஒன்றுதான், ஆபத்து ஒன்றல்ல! டிரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது நேராக அளக்க வேண்டும்.

எல்.டி.எல். 100-க்குள் இருப்பது நல்லது. 160 என்றால் அதிகம். 190-க்கு மேல் என்றால் தாமதிக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். டிரைகிளிசரைடு 150-க்குள் இருக்க வேண்டும். எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும், பெண்களுக்கு 50-க்கும் குறையாமல் இருக்க வேண்டும். ஏற்கெனவே இருதய நோயோ, நீரிழிவோ உள்ளவர்களுக்கு டாக்டர் இன்னும் கண்டிப்பான அளவு சொல்வார்.

கீட்டோ உணவில் பெரும்பாலோருக்கு டிரைகிளிசரைடு இறங்குகிறது. எச்.டி.எல். சற்று ஏறுகிறது. இவை நல்ல செய்திகள். ஆனால் எல்.டி.எல். ஆளுக்கு ஆள் மாறுகிறது. சிலருக்கு அசையாது. சிலருக்கு மளமளவென்று ஏறிவிடும். ஒல்லியான உடம்புக்காரர்களுக்கு இப்படி அதிகம் ஏறுவதைக் கண்டிருக்கிறார்கள்.

மற்ற இரண்டும் நன்றாக இருக்கின்றன, ஆகையால் எல்.டி.எல். ஏறினால் பாதகம் இல்லை என்று சிலர் தேற்றிக்கொள்கிறார்கள். அது தவறு. எல்.டி.எல். அதிகமாக இருப்பதும், அது நீண்ட காலம் நீடிப்பதும் குழாயைக் கெடுக்கும் என்பது நிச்சயமாகத் தெரிந்த விஷயம்.

எடை வேகமாகக் குறையும்போது எண்கள் தாறுமாறாக இருப்பது உண்டு. எடை ஒரு நிலைக்கு வந்த பிறகு, டாக்டர் சொல்கிறபடி மறுபடியும் பரிசோதிக்க வேண்டும். பரிசோதனைக்கு முன் 10 அல்லது 12 மணி நேரம் தண்ணீர் தவிர வேறொன்றும் சாப்பிடாமல் இருந்தால் டிரைகிளிசரைடு சரியாகத் தெரியும். தைராய்டு குறைவாக இருந்தாலும் எல்.டி.எல். ஏறும். பெற்றோருக்கு இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெய், கொழுப்பு மாமிசம் ஆகியவற்றைக் குறைத்து, மீன், கடலை, பாதாம், கடலை எண்ணெய், கீரை ஆகியவற்றைக் கூட்டினால் பலருக்கு எண் இறங்கும். மாவுச் சத்தைக் கொஞ்சம் சேர்த்தாலும் சிலருக்கு இறங்குகிறது. நீரிழிவுக்கு மாத்திரையோ, இன்சுலினோ போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த உணவைத் தொடங்கவே கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்து வரலாம்.

கடைசிக் காலம்

ஸ்டெபான்சன் 1941-ல் ஈவ்லின் என்ற பெண்ணை மணந்தார். நாற்காலியில் உட்கார்ந்து எழுதும் வேலை. சாதாரண அமெரிக்கச் சாப்பாடு. உடம்பு பெருத்தது. 1952-ல் இலேசான பக்கவாதம் வந்தது.

1955-ல் பழைய பனிநாட்டு உணவுக்கே திரும்ப வேண்டும் என்று மனைவியைக் கேட்டார். ஈவ்லினும் சமைத்துப் போட்டார். எடை குறைந்தது. மூட்டுப் பிடிப்பு தணிந்தது என்று ஈவ்லின் எழுதியிருக்கிறார்.

அதே 1955-ல் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தது. கொழுப்பைக் குறை என்ற பேச்சு நாடெங்கும் எழுந்தது. ஸ்டெபான்சனோ 1956-ல் கொழுப்பைப் புகழ்ந்து ஒரு புத்தகம் வெளியிட்டார். ஐசன்ஹோவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஒயிட், அந்தப் புத்தகத்துக்கும் கருத்துரை எழுதிக் கொடுத்தார்!

1962-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி, 82-வது வயதில், மீண்டும் வந்த பக்கவாதத்தால் ஸ்டெபான்சன் காலமானார்.

அந்த உணவால்தான் 82 வயது வரை வாழ்ந்தாரா? அல்லது அந்த உணவால்தான் பக்கவாதம் வந்ததா? ஒரு மனிதன் கதையை வைத்து இரண்டையும் சொல்ல முடியாது. பெல்வியூவில் சோதிக்கப்பட்டது இரண்டே பேர், ஒரே வருஷம். ரத்தக் குழாய் தடிப்பதற்கோ பல வருஷங்கள் ஆகும். பழங்காலப் பனிநாட்டு மக்களின் பதப்பட்ட உடல்களை யந்திரத்தில் வைத்து ஆராய்ந்ததில், சிலருக்குக் குழாய் தடித்திருந்தது 2019-ல் தெரிய வந்தது.

ஆனால் ஒன்றில் ஸ்டெபான்சனைப் பின்பற்றலாம். நான் சொல்வதை நம்புங்கள் என்று அவர் வாதாடிக் கொண்டிருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையை நீட்டினார். ரத்தத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னார்.

எந்த உணவு சாப்பிட்டாலும் நாமும் அதைச் செய்யலாம். சீட்டு வந்ததும் நான்கு வரிகளையும் படிக்க வேண்டும். பிடித்த வரியை மட்டும் படித்துவிட்டு, பிடிக்காத வரியை மடித்து வைக்கக் கூடாது.